முற்றத்துக் கல்லுக்கு அடியில் சிமென்ட் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டு முன்புறத்தையும் தோட்டத்தையும் கல் பாவி அழகுபடுத்துவது பற்றி அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. கருங்கல், கடப்பா, கோட்டா, பல நிறக் கான்கிரீட் கற்கள் என்று வகை வகையாகச் சொல்லியிருந்த கட்டுரையாளர், அந்தக் கற்கள் எதன் மேல் உட்காரவேண்டும் என்பதை மட்டும் ஒரு வரியில் கடந்துவிட்டார். 'நன்கு கெட்டிப்படுத்திய தளத்தின் மேல் பதிக்க வேண்டும்' என்ற அந்த ஒரு வரியை நம் ஊரில் யார் படித்தாலும், அடியில் மூன்று அங்குலத்துக்குக் கான்கிரீட் கொட்டி, அதன்மேல் சிமென்ட் கலவை பரப்பி, அதில் கல்லை ஒட்ட வேண்டும் என்றே புரிந்துகொள்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அதற்குக் கொடுத்த விலையைச் சொல்லவும், அதன்பின் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவும் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் அரை கிரவுண்டு மனையில் எங்கள் பழைய வீடு இருக்கிறது. கட்டடம் போக, முன்னும் பக்கவாட்டிலும் பின்னால் கிணற்றடியிலுமாக ஏறத்தாழ 500 சதுர அடி திறந்த நிலம் உண்டு. 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலில் முன்புறத்து வேப்பமரம் சாய்ந்தது. மரம் போனபின் நிழல் போனது, நிழல் போனபின் செடிகள் போயின, மழைக்குச் சேறும் வெயிலுக்குப் புழுதியுமாக வாசல் மாறிப்போனது. 2017 கோடையில் ஓர் ஒப்பந்தக்காரரை அழைத்து இடம் முழுவதையும் பேவர் பிளாக் என்னும் கான்கிரீட் பாவுகல் போட்டு மூடச் சொன்னோம். "அடியில் பிசிசி போட்டால்தான் மேடம் கல் உட்காராது" என்றார் அவர். பிசிசி என்றால் கம்பியில்லாத சாதாரண கான்கிரீட், உட்காருவது என்றால் கல் தாழ்ந்துபோவது. உட்காராமல் இருந்தால் நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். மண்ணைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும் பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் புவியியல் பாடம் நடத்தியவள் தன் வீட்டு மண்ணை ஒரே வாரத்தில் மூடிவிட்டாள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஆண்டு ஐப்பசி மழையிலேயே பலன் தெரிந்தது. வாட்டம் தெருவைப் பார்த்து இருப்பதற்குப் பதிலாக, கூடத்துச் சுவரைப் பார்த்து இருந்தது. விழுந்த நீரில் ஒரு பங்கு வாசற்படியைத் தாண்டி உள்ளே வர, மிச்சம் பக்கத்து வீட்டுச் சுவரோரம் போய்த் தேங்கியது. மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே என்று தேடினால், அதன் மூடியும் கற்களுக்கு அடியில் போயிருந்தது. கடப்பாரை வைத்து நான்கு இடத்தில் இடித்த பிறகே குழி கிடைத்தது. 2003-ஆம் ஆண்டில் மாநில அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, என் மாமனார் அக்கறையோடு தோண்டச் செய்த குழி அது. 2019-இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு நகரமே குடத்தோடு நின்றபோது எங்கள் கிணறும் வறண்டது. ஊரெல்லாம் வறண்ட ஆண்டில் அதற்கு என் முற்றத்தின்மேல் பழிபோடுவது நியாயமாகாது. ஆனால் ஒரு கணக்கை மட்டும் அன்று போட்டுப் பார்த்தேன். 500 சதுர அடி என்பது 46 சதுர மீட்டருக்குச் சற்று மேல். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 460 லிட்டர். சென்னையின் சராசரி ஆண்டு மழையை 1,400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கூரையைக் கணக்கில் சேர்க்காமலே எங்கள் முற்றத்தில் மட்டும் ஆண்டுக்கு 65,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஐந்துக்கும் மேல். விழுவதெல்லாம் மண்ணுக்குள் போய்விடாது, ஆவியாவதும் வழிவதும் உண்டு. என்றாலும், அதில் ஒரு சொட்டும் உள்ளே போகாதபடி காசு கொடுத்து அடைத்துவிட்டு, லாரிக்கும் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இங்கே தொழில் நுணுக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கான்கிரீட் பேவர் கற்கள் சிமென்டில் ஒட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒன்றின் தோள் மற்றொன்றின் தோளில் முட்டி, இடுக்குகளில் நிரம்பிய மணலின் உராய்வால் சுமையைப் பக்கத்துக் கற்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதே அவற்றின் வேலை. அதனால்தான் அவற்றை 'இன்டர்லாக்' என்கிறோம். கீழே இறுக்கமான ஜல்லித் தளம், அதன்மேல் 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை சமமாகப் பரப்பிய மணல், அதன்மேல் கல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடுக்கு, அந்த இடுக்கில் நன்கு காய்ந்த பொடி மணல் என்பதே அதன் முறையான அமைப்பு. இப்படிப் போட்ட தரையில் ஓரிடம் தாழ்ந்துவிட்டால், பத்துக் கல்லைப் பெயர்த்தெடுத்து, மணலை நிரவி, அதே கற்களை அதே இடத்தில் வைத்துவிடலாம். குடிநீர்க் குழாய் உடைந்தாலும் கழிவுநீர்க் குழாய் அடைத்தாலும் தோண்டிப் பார்த்துவிட்டு மறுநாளே மூடிவிடலாம். சிமென்ட் தரைக்கும் ஓட்டுத் தரைக்கும் இல்லாத இந்த ஒரு நன்மைக்காகத்தான் பேவருக்கு இவ்வளவு மதிப்பு. அடியில் கான்கிரீட் போட்டு ஒட்டிவிட்டால் அந்த நன்மை அன்றோடு போயிற்று. 2022-இல் எங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் உடைந்தபோது கொத்தனார் சம்மட்டியோடுதான் வந்தார். கலவையோடு பெயர்ந்து வந்த கற்களில் பாதிக்கு மேல் தூளாகிவிட்டன. மறுபாதியின் முதுகில் ஒட்டியிருந்த சிமென்டைச் சித்தாள் இரண்டு நாள் உட்கார்ந்து கொத்தி எடுத்தார்.

அப்படியானால் மணலில் பதித்த கல் உட்காராதா என்று கேட்பார்கள். உட்காரும், அடித்தளம் சரியில்லாவிட்டால் கட்டாயம் உட்காரும். தாழ்வதற்குக் காரணம் மணல் அன்று, மணலுக்குக் கீழே செய்யாமல் விட்ட வேலை. மேல்மண்ணை வேரோடும் குப்பையோடும் எடுத்துக் களைந்து, நடைபாதைக்கு நான்கு அங்குலமும் கார் நிற்கும் இடத்துக்கு ஆறு அங்குலமும் ஜல்லி பரப்பி, திமிசுக்கட்டையால் ஒப்புக்குத் தட்டிவிடாமல் தட்டு அதிரும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். நம் ஊரில் இந்த இயந்திரத்துக்கான ஒருநாள் வாடகையை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் பலரும் சிமென்ட் மூட்டைகளை வாங்கிக் கொட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு. எங்கள் பகுதியைப் போன்ற களிமண் நிலத்தில் ஜல்லிக்கு அடியில், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிப்பது நல்லது. இல்லையேல் மழைக்காலத்தில் களி மேலே ஏறி ஜல்லிக்குள் புகுந்துவிடும். வாட்டம் ஐம்பதுக்கு ஒன்று, அதாவது ஐந்தடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், வீட்டை விட்டு விலகும் திசையில் இருக்க வேண்டும். இதை ரசமட்டமும் நூலும் வைத்து முதல் நாளே பார்த்துவிட வேண்டும். கல் பாவி முடிந்தபின் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அது எங்கே ஓடுகிறது என்று பார்க்கும் வழக்கம் எனக்குக் காலம் தாழ்ந்தே வந்தது.

சிமென்ட் தேவைப்படும் இடமும் ஒன்று உண்டு. அது ஓரம். பாவிய பரப்பின் நாற்புறமும் ஓரக்கல் நட்டு, அதன் வெளிப்பக்கத்தில் கான்கிரீட் அணைப்புக் கொடுக்க வேண்டும். ஓரம் நெகிழ்ந்தால் உள்ளே இருக்கும் கற்கள் நாளடைவில் விலகி, இடுக்குகள் அகன்று, தரை பல்லிளித்துவிடும். விந்தை என்னவென்றால், சிமென்ட் வேண்டாத இடத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டுபவர்கள் வேண்டிய இந்த ஓரத்தில் மட்டும் செங்கல்லை நிறுத்தி முடித்துவிடுகிறார்கள்.

இன்னொரு மாயையையும் சொல்லிவிட வேண்டும். "பேவர் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்" என்று விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. மணலில் பதித்த சாதாரண பேவர் தரையிலும், இடுக்கு மணலில் தூசியும் வண்டலும் படியப் படிய, பெருமழையின் பெரும்பகுதி மேலோடேயே ஓடிவிடும். கட்டுமானக் கடைகளில் மணலுக்குப் பதிலாகத் தள்ளிவிடும் கிரஷர் தூளை, அதாவது கல் உடைக்கும் ஆலையின் தூளை, இடுக்கில் நிரப்பினால் அது இறுகி ஏறக்குறைய சிமென்டாகவே ஆகிவிடுகிறது. உண்மையிலேயே நீர் இறங்க வேண்டுமானால் அமைப்பே வேறு. இடுக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை அகலமாக இருக்கும்படியான கற்களை வாங்கி, இடுக்கில் மணலுக்குப் பதில் சிப்ஸ் எனப்படும் தூளில்லாத மிகச் சிறு ஜல்லியை நிரப்பி, கல்லுக்குக் கீழேயும் அதே சிப்ஸைப் பரப்பி, அதற்கும் கீழே தூள் கலக்காத முக்கால் அங்குல ஜல்லியும் ஒன்றரை அங்குல ஜல்லியும் அடுக்க வேண்டும். ஜல்லிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் ஒரு மறைவான தொட்டியைப் போல மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, மண் குடிக்கும் வேகத்துக்கு ஏற்ப மெல்ல விடும். 2022-இல் முன்வாசலை மட்டும் இப்படி மாற்றிப் போட்டோம். அதன்பின் வந்த சாதாரண மழைகளில் வாசலில் நீர் நிற்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவெள்ளமே வீட்டுக்குள் வந்தது. அந்த வெள்ளத்தின் முன் எந்த முற்றமும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நானும் விற்பவர் கணக்கில் சேர்ந்துவிடுவேன்.

மண்ணின் இயல்பையும் பார்க்க வேண்டும். திருவான்மியூர், அடையாறு, கொட்டிவாக்கம், சாந்தோம் முதலிய கடலோரப் பகுதிகள் மணற்பாங்கானவை. அங்கே விழுந்த மழை கண்முன்னே உள்ளே போய்விடும். போகும் அந்த நன்னீர்தான் கடலின் உப்புநீர் நிலத்தடியில் ஏறிவராமல் எதிர்த்து நிற்கிறது. அப்படிப்பட்ட மண்ணின்மேல் கான்கிரீட் பூசுவதைவிடப் பெரிய வீண் வேறில்லை. தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், வில்லிவாக்கம், பெரம்பூர், விருகம்பாக்கம் ஆகியவை பெரும்பாலும் களிமண். இங்கே இடுக்கில் இறங்கிய நீர் ஜல்லி அடுக்கில் தங்கிவிடும். அதிலிருந்து ஒரு துளைக்குழாய் போட்டு, களிமண் அடுக்கைத் தாண்டி இறங்கும் உறைகிணற்றுக்கோ பழைய கிணற்றுக்கோ வழி காட்டினால்தான் பயன் கிட்டும். வேளச்சேரி, ஆதம்பாக்கம், பெருங்குடிப் பக்கங்களில் கீழே பாறை. அங்கே குடியிருப்பவர்கள் ஒரு குழி தோண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

கல்லின் தரம் பற்றிச் சில செய்திகள். பேவர் பிளாக்குகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15658 என்ற தரக்குறிப்பு இருக்கிறது. 2006-இல் வந்த அதன் பதிப்பின்படி, ஆள் மட்டும் நடக்கும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர் கனத்தில் எம்-30 தரமும், கார் போன்ற இலகு வாகனங்களுக்கு 60 மில்லிமீட்டரில் எம்-35 தரமும், அதற்கு அடுத்த நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மில்லிமீட்டரில் எம்-40 தரமும் வேண்டும் (எண் கூடக் கூடக் கல்லின் வலிமை கூடும்). வீட்டுக்குள் தண்ணீர் லாரி வந்து நிற்கும் வழக்கம் இருந்தால் 80 மில்லிமீட்டரே ஏற்றது. கல் குடிக்கும் நீர், அதன் எடையில் சராசரியாக 6 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பதும் அதே தரக்குறிப்பில் உண்டு. கடையில் ரப்பர் மோல்டில் ஊற்றிய கல், மெஷினில் அழுத்திய கல் என்று இரண்டு வகை காட்டுவார்கள். முதல் வகை கண்ணாடிபோல் பளபளக்கும், நிறம் மேல்தோலில் மட்டும் இருப்பதால் சீக்கிரம் வெளிறும், மழையில் வழுக்கும். இரண்டாம் வகை பார்க்கச் சொரசொரப்பாக, அழகு குறைந்ததாகத் தோன்றும். வயதானவர்கள் நடமாடும் வீட்டுக்கு அந்தச் சொரசொரப்பே அழகு. வார்த்து 28 நாள் ஆகாத கல்லை ஈரம் காயாமலே வண்டியில் ஏற்றி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வார்த்த தேதியைக் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட வேண்டியதில்லை. கார் திரும்பும் இடத்தில் கற்களை மீன்முள் போலச் சாய்த்து அடுக்கினால் சக்கரத்தின் முறுக்கைத் தாங்கும். நேர்வரிசை நடைபாதைக்குப் போதும்.

இயற்கைக் கல்லை விரும்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆந்திரத்துக் கடப்பாவும் ராஜஸ்தானத்துக் கோட்டாவும் சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்தவை. வழவழப்பாக்கிய கடப்பாவின்மேல் மழை விழுந்தால் கால் நிற்காது. வெயிலில் அதன் கருமை மங்கிச் சாம்பல் பூக்கும். எல்லாவற்றையும்விட, பாசி போகட்டும் என்று குளியலறை ஆசிட்டை ஊற்றும் நம் வழக்கம் இக்கற்களை அரித்துவிடும். கான்கிரீட் கல்லையும் அது விட்டுவைப்பதில்லை. புதிய கான்கிரீட் கல்லில் சில மாதங்களுக்கு வெண்பூச்சு போல உப்புப் பூப்பதைக் கண்டு பயந்து பலர் இதே ஆசிட்டைத் தேடுகிறார்கள். அந்த உப்பு பெரும்பாலும் மழையிலும் தேய்ப்பிலும் தானே போய்விடும். பாசிக்கு விறைத்த நார்த் துடைப்பமும் சற்று வெயிலும் போதும்.

கருங்கல் இந்தத் தொல்லைகள் இல்லாதது. நகரத்துக்கு அது அந்நியமும் அன்று. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள பாறைதான், கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் வைத்த கல்லும் என்று கண்ட தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர், 1893-இல் அதற்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் சொல்லும் அந்தப் பெயருக்கு உரிய கல் நம் விமான நிலையத்துக்கு எதிரே கிடக்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மெருகேற்றிய கிரானைட்டைத் தவிர்த்து, உளியால் பொளிந்த கல்லையோ தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்லையோ கேட்டு வாங்க வேண்டும். பலகையின் கனத்தையும் பார்க்க வேண்டும். முக்கால் அங்குலப் பலகையை மணலில் போட்டுக் காரை ஏற்றினால் வெடித்துவிடும். மெல்லிய பலகைக்குத்தான் கெட்டித் தளமும் கலவையும் தேவை. இரண்டு அங்குலக் கனமுள்ள கல் மணலிலேயே நிற்கும். கிரானைட் பட்டறைகளில் ஒதுக்கிப் போட்டிருக்கும் கனத்த துண்டுகள் தோட்டப் பாதைக்கு மிகப் பொருத்தமானவை. அவற்றை இடைவெளி விட்டு, காலடிக்கு ஒன்றாகப் பதிப்பவர்கள், வீட்டில் நடப்பவரின் காலடியை அளந்து பதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒப்பந்தக்காரர் தன் நடையை வைத்து அளந்து போட்டதால், புடவை கட்டிய நானும் எண்பது வயது மாமியாரும் கல்லுக்குக் கல் தாவ வேண்டியிருந்தது. பின்னர் ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு இருபது அங்குலமாகக் குறைத்தோம்.

கோலத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இடுக்கு இடுக்காக உள்ள தரையில் புள்ளிக் கோலம் நேர்நிற்காது. இழை உடைந்துபோகும். அது மட்டுமன்று, அரிசிமாவுக்கு வரும் எறும்புகள் விருந்துண்டபின் இடுக்கு வழியே இறங்கி, கீழே இருக்கும் மணலைக் குருணை குருணையாக மேலே கொண்டுவந்து குவிக்கும். மார்கழி முழுதும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வாசற்படிக்கு நேரே நான்கடிக்கு நான்கடி ஒரே கருங்கல் பலகை கிடக்கிறது, கோலம் அதன்மேல். எறும்பைவிடப் பெரிய எதிரி பெருச்சாளி. ஓரக்கல்லுக்கு அடியில் வளை தோண்டி மணலை வாரிவிட்டால் கல் மேலே பாலம்போல் தொங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் கால் வைக்கும்போதுதான் தெரியும். ஓரத்துக் கான்கிரீட்டை ஓர் அடி ஆழத்துக்கு இறக்கிய பிறகு எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

உயரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாலையைச் சுரண்டாமல் அடுக்குமேல் அடுக்காகத் தார் போட்டதன் விளைவாக, சென்னையின் பழைய வீடுகள் பலவும் பள்ளத்தில் இருக்கின்றன. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டே புதிய தளம் போடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியது நினைவிருக்கலாம். அதற்குள் தங்கள் வாசலைத் தாங்களே உயர்த்திக்கொண்டவர்கள் ஏராளம். பழைய சிமென்ட் தரையின்மேல் மண் நிரப்பி, அதன்மேல் பேவர் என்று உயர்த்திக்கொண்டே போகும்போது, சுவரின் அடியில் ஈரத்தடுப்புக்கென்று வைத்த படலம் முற்றத்து மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. பிறகு சுவர் ஓதம் ஏறி உள்பூச்சு உதிர்வதற்கு, பெயின்ட்டைக் குறைசொல்லிக்கொண்டிருக்கிறோம். பாவிய தரை எப்போதும் வீட்டுத் தளத்தைவிட, அந்த ஈரத்தடுப்புப் படலத்தைவிட, குறைந்தது ஆறு அங்குலம் தாழ்ந்தே இருக்க வேண்டும். உயர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால் சுவரை ஒட்டி ஓர் அடி இடம் விட்டு, அதைக் கூழாங்கல்லால் நிரப்பி வடிகால் கொடுக்கலாம்.

மரத்தைச் சுற்றிப் பாவுவதில் நாம் காட்டும் நெருக்கம் மரத்துக்கு மூச்சு முட்டும் நெருக்கம். அடிமரத்தைத் தொட்டபடி சிமென்ட் வளையம் போட்டு, மேலே காவியும் வெள்ளையும் அடித்து அழகு பார்க்கிறோம். 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியின் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற ஆணையிட்டது. வீட்டு மரத்துக்கும் அந்த ஒரு மீட்டரை நாமே விட்டுவிடலாம். எங்கள் வேம்பு சாய்ந்ததற்கும் அதன் ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவரும் மறுபக்கம் சிமென்ட் நடையுமாக வேரை நெருக்கியிருந்ததுதான் காரணமோ என்று இன்றும் தோன்றுகிறது. புயல் சுவரில்லாத மரங்களையும்தான் சாய்த்தது. ஆனால் பெயர்ந்து கிடந்த அடிமரத்தில், நடைப்பக்கம் வேரே இல்லாததைக் கண்ணால் கண்டேன்.

நடுவில் ஓட்டையுள்ள புல்பேவர்களைப் பற்றி உங்கள் கட்டுரை மிகவும் புகழ்ந்திருந்தது. வெயில் படும் இடத்தில் அது நல்ல யோசனைதான். பகலெல்லாம் கார் நிற்கும் நிழலில் புல் முளைக்காது. எண்ணெய் சொட்டும் இடத்தில் முளைத்ததும் கருகிவிடும். அங்கே ஓட்டைகளில் மண்ணுக்குப் பதில் சிப்ஸ் ஜல்லியைக் கொட்டிவிடுவதே நடைமுறை. செயற்கைப் புல் விரிப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சித்திரை மாதத்தில் நண்பகலில் அதன்மேல் வெறுங்காலோடு ஒருமுறை நின்று பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது 500 சதுர அடியில் ஏறத்தாழ பாதிதான் கல். கார் நிற்கும் இடம், வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போகும் பாதை, துணி துவைக்கும் இடம், இவ்வளவே. மிச்சத்தில் செம்பருத்தி, நந்தியாவட்டை, ஒரு முருங்கை, கற்களை எடுத்தபின் தானே முளைத்து இப்போது மாடி உயரம் வளர்ந்துவிட்ட இன்னொரு வேம்பு. உதிர்ந்த இலையைப் பெருக்குவது வேலைதான். முழுதும் மூடியிருந்த ஐந்தாண்டுகளும் தூசியைப் பெருக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, மேலே தெரியும் கற்களின் வண்ணப் படங்களோடு, அவற்றுக்குக் கீழே ஓரடி ஆழத்தில் என்னென்ன அடுக்குகள் இருக்கவேண்டும் என்பதைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். கடலோர மணலுக்கு ஒன்று, மாம்பலத்துக் களிக்கு ஒன்று என இரண்டாக இருந்தால் இன்னும் நன்று. கொத்தனாரிடம் வாயால் சொல்லும்போது, "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். செய்தித்தாளில் அச்சான படத்தைக் காட்டினால் நின்று பார்க்கிறார்கள். எங்கள் முன்வாசலை மாற்றிப் போட்ட மேஸ்திரிக்கு நான் கரும்பலகைப் பழக்கத்தில் சுவரில் கரிக்கோடு போட்டுத்தான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை முன்னாடியே யாராவது வரைஞ்சு காட்டியிருந்தா நான் எத்தனை வீட்டுல மாத்திப் போட்டிருப்பேன்" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை – 33.